வாங்கலாமா, பொறுக்கலாமா

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் ரொம்ப சந்தோஷம். இங்கே என் முதுகுவலியைத் தவிர எல்லாம் நலம்.

கையில் ஆர்டர் இருக்கிறது, வங்கியும் கடன் தரத் தயார், ஆனாலும் புது மெஷின் வாங்கத் துணிச்சல் வரவில்லை என்று எழுதியிருந்தாய். பொருளாதார அறிஞர் கெயின்ஸ் 1936-லேயே இதைச் சொல்லியிருக்கிறார். முதலீடு செய்பவன் வெறும் கணக்கைப் பார்த்து இறங்குவதில்லை, உள்ளுக்குள் ஓர் உந்துதல் வேண்டும், அது வற்றிவிட்டால் கணக்கு எவ்வளவு அழகாக வந்தாலும் தொழில் படுத்துவிடும் என்று. நீ ஒருவன் தயங்கினால் அது உன் சுபாவம். எல்லோரும் சேர்ந்து தயங்கினால் மெஷின் செய்கிறவனுக்கு ஆர்டர் போகாது, அவன் ஆட்களைக் குறைப்பான், வேலை போனவன் செலவைச் சுருக்குவான், கடைசியில் உன் ஆர்டரும் குறையும். அப்போது நீ "நல்லவேளை, வாங்கவில்லை" என்பாய்!

இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. 1933 மார்ச்சில் அமெரிக்காவில் ஜனங்கள் பணத்தை எடுக்க முண்டியடித்ததால் வங்கிகளையே மூடிவிட்டார்கள். மெத்தைக்கு அடியில் இருப்பதைவிட மறுபடி திறக்கிற வங்கியில் பணம் பத்திரமாக இருக்கும் என்று அந்நாட்டு அதிபர் ரூஸ்வெல்ட் வானொலியில் பேசினார். மறுநாள் வங்கிகள் திறக்க ஆரம்பித்ததும் அதே ஜனங்கள் பணத்தைப் போட வரிசையில் நின்றார்கள். சும்மா பேச்சை நம்பி வந்துவிடவில்லை, சில நாள் முன்பே அதற்கென்று சட்டம் போட்டிருந்தார்கள்.

அப்புறம், "ஏழைகளுக்கு முன்னேறும் எண்ணமே இல்லை" என்கிறாரே உன் மச்சான், அதை என்னால் ஏற்க முடியாது. தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளிடம் ஓர் ஆய்வு நடத்தி 2013-இல் வெளியிட்டார்கள். ஒரே ஆட்களுக்கு அறுவடைக்கு முன்னால் ஒரு தடவை, பணம் வந்தபின் ஒரு தடவை அறிவுத்திறன் சோதனை வைத்தார்கள். கை வறண்டிருந்தபோது மதிப்பெண் குறைவு, பணம் வந்ததும் ஏறிவிட்டது. மனிதர் அவரேதான், வட்டி, அடகு, நாளைய செலவு என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தால் விதையையும் உரத்தையும் நிதானமாக யோசிக்க எங்கே இடம்? அவர்களிடம் போய் தன்னம்பிக்கை உரை நிகழ்த்துவதைவிட பயிர்க் காப்பீட்டுப் பணத்தை நேரத்துக்குக் கொடுத்தாலே வளர்ச்சிக்கு அதிகம் உதவும் என்பது என் கட்சி.

மெஷின் விஷயத்தில், இரண்டாக வாங்க வேண்டாம், ஒன்றை வாங்கிப் பாரேன். அடுத்த மாதம் அந்தப் பக்கம் வருகிறேன், மச்சானையும் இருக்கச் சொல்.

அன்புடன்,
சேகர்