கட்டை சரிதான், கணக்குதான் சரியில்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் உங்க பேப்பர்ல ஒரு வாசகர், திருவிழாவுல லங்கர் கட்டை உருட்டுறவன் கட்டைக்குள்ள ஈயம் வச்சு ஏமாத்துதான்னு எழுதியிருந்தார். பலகையில இருக்க ஆறு படத்துல ஒண்ணுல காசு வைக்கணும், மூணு கட்டைய உருட்டுவான், நம்ம படம் எத்தன கட்டையில விழுதோ வச்ச காசு அத்தன மடங்கு குடுப்பான், விழலன்னா காசு அவனுக்கு, அதான் ஆட்டம். நானும் அப்பிடித்தான் நெனச்சிட்டு இருந்தேன், மாசி மாசம் எங்க ஊரு கொடையில தம்பி மவன் நானூறு ரூபாய விட்டுட்டு மூஞ்சிய தொங்கப்போட்டு வந்து நின்னப்போ அந்த ஆள அடிக்கவே கெளம்பிட்டேன். எம்மவதான் புடிச்சு நிறுத்துனா. நாகர்கோவில்ல ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிக்கா. "சும்மா சண்டைக்கு போவாதிய அப்பா, எண்ணி பாத்துட்டு பேசுவோம்"னா.

மறுநா சாயங்காலம் ரெண்டு பேரும் ஓரமா நின்னு நூறு உருட்டு எண்ணுனோம், நான் சொல்ல சொல்ல அவ வடை மடிச்ச பேப்பர்ல கோடு போட்டா. மூணு கட்டைக்கு மொத்தம் 300 படம், ஒவ்வொண்ணும் சுமார் 50 வரணும். வந்தது நங்கூரம் 41, கிரீடம் 57, கிளாவர் 46, இஸ்பேட் 54, ஆர்ட்டின் 48, டைமண்ட் 54. பய காசு வச்சதெல்லாம் நங்கூரத்துல! மாட்டுனான்னு நான் துள்ளுனேன். அவ கண்டுக்கவே இல்ல, 50க்கும் வந்ததுக்கும் உள்ள வித்தியாசத்த அதாலயே பெருக்கி 50ஆல வகுத்து ஆறையும் கூட்டுனா, 3.64. இது கார்ல் பியர்சன் 1900ல கொண்டுவந்த கை ஸ்கொயர் டெஸ்ட்டாம், வரவேண்டியதுல இருந்து வந்தது எவ்வளவு வெலகியிருக்குன்னு பாக்குறது. அந்த கூட்டுத்தொகை 11.07ஐ தாண்டுனாதான் சந்தேகமே படணும், நல்ல கட்டைகூட நூத்துக்கு அஞ்சு தடவ அத தாண்டும்னு சொல்லுதா.

அதுக்காக கட்டை சுத்தம்னு சர்டிபிகேட்டும் குடுக்க முடியாது. வெல்டன்னு ஒருத்தர் ஒண்ணுல இருந்து ஆறு வர நம்பர் உள்ள 12 கட்டைய 26,306 தடவ உருட்டுன கணக்கு இருக்கு, 5, 6 ரெண்டும் சேந்து 0.3333 வரவேண்டியது 0.3377 வந்துச்சு, அந்த சின்ன கோணல் தெரியவே அவ்வளவு உருட்டணும். எங்க 300க்கு மொரட்டு கள்ளத்தனம் இருந்தாத்தான் தெரியும். மூணு கட்டையையும் ஒண்ணா சேத்து வேற எண்ணிட்டோம், ஒண்ணோட கோணல இன்னொண்ணு மறச்சிருக்கலாம்.

ஆனா வெசயம் கட்டையில இல்ல சார், பலகையில இருக்கு. மூணு கட்டை ஆறு படம், பாதிக்கு பாதி சான்ஸ்னுதான் எல்லாரும் காசு வைக்கோம். ஆறு படத்துலயும் பத்து பத்து ரூபா வச்சு பாருங்க. மூணும் வேற வேற படம் விழுந்தா முப்பது போவும், முப்பது வரும். ரெண்டு ஒரே படம் விழுந்தா அதுக்கு இருபது, மத்த ஒண்ணுக்கு பத்து குடுப்பான், தோத்த நாலுல நாப்பது எடுப்பான், அவனுக்கு பத்து லாபம். மூணும் ஒண்ணா விழுந்தா நாம கைதட்டுவோம், அவனுக்கு இருபது மிச்சம். மொத்தம் 216 விதமா விழலாம், அதுல 96ல அவனுக்கு லாபம், ஒண்ணுலகூட நஷ்டம் இல்ல. ரூபாய்க்கு ஏறக்கொறைய எட்டு பைசா அவன் பைக்கு போவுது. இதுல ஈயம் எதுக்கு? அவன் நல்ல கட்டையா பாத்துத்தான் வாங்குவான்.

அதனால லங்கர் கட்டை புடிபட்டுச்சுன்னு நியூஸ் போடும்போது, பறிமுதல் பண்ணுன தொகைக்கு கீழ இந்த அறுபது ரூபா கணக்கையும் ரெண்டு வரி போடுங்க. தம்பி மவன் இன்னமும் ஈயம்னுதான் சொல்லிட்டு திரியுதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தக்கலை