இரும வைத்து ஸ்கேன் பாருங்கள்

பெண்நோய் மருத்துவர்களுக்கும், சிறுநீரியல் மருத்துவர்களுக்கும், ஸ்கேன் பார்க்கும் மருத்துவர்களுக்கும்,

வணக்கம். நான் இடுப்புத் தளத் தசைகளுக்கு, அதாவது சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் தசைகளுக்கு, பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட். இருமினால், தும்மினால், கனமாக எதையாவது தூக்கினால் சிறுநீர் கசிகிறது என்று வரும் பெண்கள் பலர் கையில் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டும் கொண்டுவருகிறார்கள். கருப்பை, சினைப்பை, சிறுநீர்ப்பை எல்லாம் நார்மல் என்று இருக்கும். அதைப் படித்துவிட்டு, "அப்போ எனக்கு ஒன்றும் இல்லையா, நானாகக் கற்பனை செய்துகொள்கிறேனா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லித்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

அந்த ரிப்போர்ட்டில் பொய் எதுவும் இல்லை. ஆனால் மூச்சை அடக்கிப் படுத்திருக்கும்போது அடிவயிற்றின் மேல் ப்ரோப் (ஸ்கேன் கருவியின் கைப்பிடி) வைத்துப் பார்த்தால், அசையும்போது மட்டும் வெளிப்படும் ஒரு கோளாறு எப்படித் தெரியும்?

அதனால் இருமவும் முக்கவும் வைத்து, கீழிருந்து ஸ்கேன் பாருங்கள் என்கிறேன். கர்ப்பத்துக்குப் பார்க்கும் அதே வளைந்த ப்ரோப்தான், புது மெஷின் வேண்டாம். உறை போட்டு, ஜெல் தடவி, பிறப்புறுப்பின் வெளிப்புறத்தில் வைத்தால் போதும். உள்ளே எதுவும் செலுத்த வேண்டியதில்லை, கதிர்வீச்சும் இல்லை. முன்னிடுப்பு எலும்பு, சிறுநீர்ப்பை, சிறுநீர்க்குழாய், யோனி, ஆசனவாய் எல்லாம் ஒரே படத்தில் வரும். சும்மா இருக்கும்போது ஒரு முறை, இருமும்போது ஒரு முறை, முக்கும்போது ஒரு முறை பார்த்தால், சிறுநீர்ப்பையின் கழுத்து (பை சிறுநீர்க்குழாயோடு சேரும் இடம்) அந்த எலும்பின் கீழ்விளிம்பை வைத்துப் பார்த்தால் எவ்வளவு இறங்குகிறது, சிறுநீர்க்குழாய் எவ்வளவு சாய்கிறது, அதன் உள்வாய் புனல் மாதிரி விரிகிறதா என்பதெல்லாம் கண்முன்னே நடக்கும்.

முக்கச் சொல்லும் விதத்தில்தான் பெரும்பாலும் தவறிப்போகிறது. அந்நியர் முன்னால் படுத்துக்கொண்டு முக்கினால் கசிந்துவிடுமோ என்ற பயத்தில் பெண்கள் தங்களை அறியாமலேயே இடுப்புத் தளத் தசையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள், உடனே இறக்கம் குறைவாகத் தெரிகிறது, நீங்களும் பிரச்சினை இல்லை என்று எழுதிவிடுகிறீர்கள். கசிந்தால் பரவாயில்லை, அதைப் பார்க்கத்தான் இந்த ஸ்கேனே என்று முதலிலேயே சொல்லுங்கள். கதவைச் சாத்துங்கள், கீழே ஒரு துணி விரியுங்கள், குறைந்தது 6 வினாடியாவது முக்க விடுங்கள், சரியாக வரவில்லையென்றால் இன்னொரு முறை கேளுங்கள். அவசரத்தில் எடுத்த அளவை நம்பி ஆபரேஷன் வரை பேசுவது நியாயமில்லை.

ஸ்கேன் மட்டுமே நோயைச் சொல்லிவிடும் என்று நான் சொல்லவில்லை. 25 மில்லிமீட்டர் இறக்கத்தைப் பலர் எல்லையாக வைத்திருக்கிறார்கள், ஆனால் எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லை எதுவும் கிடையாது. அதிகம் இறங்கியும் கசியாத பெண்கள் உண்டு, இறக்கமே இல்லாமல் குழாயை மூடும் தசை பலவீனத்தால் கசிபவர்களும் உண்டு. அதனால் அந்தப் பெண் சொல்வதைக் கேட்பதும், தொற்று இருக்கிறதா என்று சிறுநீரைச் சோதிப்பதும், இருமச் சொல்லிக் கசிவை நேரில் பார்ப்பதும் அப்படியே இருக்கட்டும்.

அப்புறம், ஸ்க்ரீனை அவர் பக்கம் திருப்புங்கள். தசையைச் சரியாக இறுக்கினால் சிறுநீர்ப்பையின் கழுத்து மேலேயும் முன்பக்கமாகவும் நகரும். இறுக்குவதாக நினைத்துக்கொண்டு கீழே முக்குகிற பெண்கள் நிறைய பேர், வாயால் எத்தனை முறை விளக்கினாலும் பிடிபடாதது அந்தப் படத்தைப் பார்த்ததும் சட்டென்று பிடிபடுகிறது. ஆபரேஷனுக்கு முன்னால் குறைந்தது மூன்று மாதம் மேற்பார்வையோடு பயிற்சி என்பதுதான் வழிமுறை, அந்த மூன்று மாதத்தையும் தப்பாகச் செய்து ஒருவர் வீணாக்கக் கூடாது. ஏற்கெனவே சிறுநீர்க்குழாயைத் தாங்க அதன் கீழே நாடா வைத்து ஆபரேஷன் ஆன பிறகு மறுபடி கசிகிறது, அல்லது சிறுநீர் சரியாகப் போகவில்லை என்று வருபவர்களுக்கும் இதே ஸ்கேன் உதவும், ஏனென்றால் சிடி ஸ்கேனில் சரியாகத் தெரியாத அந்த நாடா இதில் பளிச்சென்று தெரியும்.

நான் கேட்பது ரிப்போர்ட்டில் நான்கு வரி: முக்கும்போது கழுத்து எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது, உள்வாய் விரிந்ததா, தசையை இறுக்கும்போது மேலே நகர்ந்ததா, சிறுநீர் கழித்த பிறகு எவ்வளவு மிச்சம். முடிந்தால் அந்த அசையும் படத்தையும் அவரிடம் கொடுத்தனுப்புங்கள், பயிற்சியை எங்கிருந்து தொடங்குவது என்று எங்களுக்கு முதல் நாளே தெரிந்துவிடும்.