வோடஃபோன் ஐடியாவின் பெரிய பங்குதாரர் எழுதுகிறேன்: தொலைத்தொடர்புத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தொலைத்தொடர்புத் துறை அமைச்சருக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

2023 பிப்ரவரியில் வோடஃபோன் ஐடியா அரசுக்குக் கட்ட வேண்டிய வட்டி 16,133 கோடி ரூபாயைப் பணமாக வாங்காமல் கம்பெனியின் பங்காக எடுத்துக்கொண்டீர்கள். 2025-இல் அலைக்கற்றை ஏலப் பாக்கியில் 36,950 கோடியையும் அப்படியே மாற்றினீர்கள். அதோடு அரசின் பங்கு 48.99 சதவீதம் ஆனது. அரசுப் பணம் என்பது எங்கள் பணம்தானே, அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

காப்பாற்றியதே தப்பு என்று சொல்ல வரவில்லை. கைவிட்டால் என்ன ஆகும் என்று தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். 2018 பிப்ரவரியில் ஏர்செல் சிக்னல் திடீரென்று செத்துப்போனது. வேறு கம்பெனிக்கு மாற 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். அதை அனுப்பவே சிக்னல் இல்லை! வங்கி ஓடிபி, கேஸ் புக்கிங் என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரே நம்பரைக் கொடுத்திருந்தவர்கள் ஏர்செல் அலுவலக வாசல்களில் முண்டியடித்தார்கள். மாதக் கடைசியில் கம்பெனி திவால் மனு போட்டது. அன்று யாருக்கும் அதைத் தூக்கி நிறுத்தத் தோன்றவில்லை.

வோடஃபோன் ஐடியா சரிந்ததில் உங்கள் பங்கும் உண்டு. 2016-இல் ஜியோ இலவசமாக இறங்கியது ஒரு பக்கம். வங்கி வட்டி, வாடகை, டிவிடெண்ட் வரை எல்லாவற்றையும் வருமானத்தில் சேர்த்து உரிமக் கட்டணம் கட்டச் சொன்ன ஏஜிஆர் (சரிசெய்யப்பட்ட மொத்த வருவாய்) வழக்கு இன்னொரு பக்கம். 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உங்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அபராதமும் வட்டியும் சேர்ந்து பாக்கி மலையாகிவிட்டது. வோடஃபோனும் ஐடியாவும் 2018-இல் இணைந்தபோது 40 கோடி வாடிக்கையாளர்கள் இருந்த கம்பெனி, பாதியாக இளைத்தது. அதுவும் போய்விட்டால் ஜியோ, ஏர்டெல் இரண்டும்தான் தனியாரில் மிஞ்சும். ரீசார்ஜ் விலையை அப்புறம் கேட்பானேன். எனவே காப்பாற்றினீர்கள், சரி.

என் சண்டை எந்தக் கணக்கில் காப்பாற்றினீர்கள் என்பதில்தான்.

2021 ஜூனில் கம்பெனியின் அன்றைய தலைவர் குமார் மங்கலம் பிர்லா கேபினட் செயலருக்கு ஒரு கடிதம் எழுதினார். கம்பெனி ஓடினால் போதும், தன் பங்கை அரசு சொல்கிற யாரிடமும் கொடுத்துவிடத் தயார் என்றார். முதலாளியே சாவியை நீட்டிய நேரம் அது. நீங்கள் அதை வாங்கவில்லை. செப்டம்பரில் நான்கு வருடத் தவணை விடுப்பு கொடுத்தீர்கள். பிறகு பாக்கியைப் பங்காக மாற்றியபோது ஒரு பங்குக்கு 10 ரூபாய். முகமதிப்புக்கு, அதாவது பங்கில் குறித்திருக்கும் 10 ரூபாய்க்கு, கீழே பங்கு வெளியிடச் சட்டம் இடம் தராது என்பது தெரியும். ஆனால் 2025-இல் அதே பங்கு சந்தையில் ஏழு ரூபாய் அளவில்தான் விற்றது. 3,695 கோடி பங்குகள், பங்குக்கு மூன்று ரூபாய்: கிட்டத்தட்ட 11,000 கோடி ரூபாய் அதிகம் கொடுத்திருக்கிறோம். இவ்வளவுக்கும் பிறகு, நிர்வாகம் பழைய புரமோட்டர்கள், அதாவது பழைய முதலாளிகள் கையிலேயே இருக்கும் என்றது கம்பெனி. 51 சதவீதம் ஆனால் அது அரசு நிறுவனம், சிஏஜி (அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் தலைமை அதிகாரி) தணிக்கை வரும். 49-ஐத் தாண்டாமல் நின்றதற்குக் காரணம் அதுதானோ என்று எனக்குச் சந்தேகம்.

இதே நாட்டில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 2009 ஜனவரியில் சத்யம் என்ற ஐடி கம்பெனியின் கணக்கு மோசடி வெளியானதும் இயக்குநர் குழுவையே கலைத்தார்கள், புதியவர்களை நியமித்தார்கள், ஏப்ரலில் ஏலத்தில் டெக் மஹிந்திரா வாங்கிக்கொண்டது. கஜானா திறக்கவில்லை. 2020-இல் மூழ்கவிருந்த எஸ் வங்கியிலும் முதலில் போனது இயக்குநர் குழுதான். அந்த வங்கி வெளியிட்டிருந்த 8,415 கோடி ரூபாய்க் கடன் பத்திரங்கள் வெற்றுக் காகிதமாயின. 10 ரூபாய்க்குப் பங்கு வாங்கிய ஸ்டேட் வங்கி, 2025-இல் அதில் பாதிக்கு மேல் 21.50 ரூபாய்க்கு ஒரு ஜப்பானிய வங்கியிடம் விற்றது.

ஆகவே வோடஃபோன் ஐடியாவுக்கு அடுத்த சலுகை தருவதற்கு முன்னால், எங்கள் பங்குக்கு இயக்குநர் குழுவில் எத்தனை நாற்காலி என்று சொல்லுங்கள். நாங்கள் விட்டுக்கொடுக்கும் தொகைக்கு ஈடாகப் புரமோட்டர்கள் எவ்வளவு புதுப் பணம் போடுகிறார்கள், எத்தனை டவர் ஏறும், எந்த வருடம், என்ன விலைக்குப் பங்கை விற்றுவிட்டு வெளியே வருவீர்கள் என்பதையும் நாடாளுமன்றத்தில் எழுத்துப்பூர்வமாக வையுங்கள். 51 சதவீதம் இல்லாவிட்டாலும் சிஏஜி பார்க்கட்டும். அதற்குத் தடை இருந்தால் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்பதையும் அதே பதிலில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வரியும் ரீசார்ஜும் தவறாமல் கட்டும் ஒருவன்