விகிதத்தை உயர்த்து என்று மட்டும் எழுதாதே

அன்புள்ள மீனா,

நீ அனுப்பிய கோரிக்கை மனுவின் வரைவைப் படித்தேன். மருத்துவமனைகளின் ஆள் பற்றாக்குறை, பள்ளிகளின் காலிப் பணியிடங்கள் பற்றிய முதல் இரண்டு பக்கங்களில் நான் கை வைக்க ஒன்றுமில்லை. மூன்றாம் பக்கம்தான் இடிக்கிறது. "பெருநிறுவனங்களுக்கும் பெரும் பணக்காரர்களுக்கும் வரி விகிதத்தை உயர்த்தி இச்செலவை ஈடுகட்ட வேண்டும்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாய். நிதித்துறையில் இதைப் படிக்கிறவர் கோப்பை மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். கேட்பது நியாயம்தான். ஆனால் விகிதம் எந்தத் தொகையின் மேல் விழுகிறது என்று சொல்லாத கோரிக்கையை மறுப்பது மிகச் சுலபம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார். ஒரு கம்பெனி 1,000 கோடிக்கு விற்கிறது, செலவு 800 கோடி, லாபம் 200 கோடி. வரி 25% என்றால் 50 கோடி வர வேண்டும். அதே குழுமத்துக்கு வரியே இல்லாத ஒரு நாட்டில் இன்னொரு கம்பெனி இருக்கிறது. பிராண்டின் பெயரும் காப்புரிமையும் அதன் பெயரில். அவற்றைப் பயன்படுத்தும் கட்டணமாக விற்பனையில் 12% ராயல்டி என்று ஒப்பந்தம் போட்டால் 120 கோடி அங்கே போகும். இங்கே மிஞ்சுவது 80 கோடி, வரி 20 கோடி. இப்போது விகிதத்தை 30% ஆக உயர்த்து: 24 கோடி. போராடி உயர்த்திய 5 புள்ளிக்குக் கிடைத்தது 4 கோடி. ராயல்டி வழியாகப் போனது 30 கோடி. மூன்றாம் பக்கத்தில் முதலில் வர வேண்டியது இந்தக் கணக்கு.

ராயல்டி ஒரு வழி. வெளிநாட்டுச் சகோதரக் கம்பெனியிடம் கடன் வாங்கி வட்டி கட்டுவது இன்னொன்று. நிர்வாகச் சேவைக் கட்டணம், பொருளைக் குறைந்த விலைக்கு விற்று இடைத்தரகுக் கம்பெனியில் லாபத்தை நிறுத்துவது என்று பட்டியல் நீளும். எல்லாவற்றுக்கும் சட்டம் சொல்லும் அளவுகோல் ஒன்றே: தொடர்பில்லாத இருவர் பேரம் பேசினால் என்ன விலை வருமோ அந்த விலை. காகிதத்தில் நன்றாக இருக்கும். ஆனால் ஒரு பிராண்டின் பெயரை வெளிச்சந்தையில் யார் வாங்கி விற்கிறார்கள்? ஒப்பிட விலையே இல்லாத இடத்தில் கம்பெனியின் ஆலோசகர் நானூறு பக்க அறிக்கை தருவார். அதைச் சரிபார்க்க வரித்துறையில் இரண்டு பேர் இருப்பார்கள்.

ஆகவே வாதாடித் தீராத இடங்களில், வாதத்துக்கே இடமில்லாமல் எண்ணிலேயே வரம்பு போட்ட விதி கேள். வட்டிக்கு அப்படி ஒன்று உண்டு: வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபத்தில் 30% வரைதான் வட்டியைச் செலவாகக் காட்டலாம். ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டமாக்கியிருக்கிறது. ராயல்டிக்கு, பணம் நாட்டை விட்டுப் போகும்போதே வரிப் பிடித்தம். மேலே சொன்ன 120 கோடியில் 10% பிடித்தால் 12 கோடி கைக்கு வந்துவிடும், ஆடிட் முடியக் காத்திருக்க வேண்டாம். இதில் கவனிக்க வேண்டியது இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தங்கள், அதாவது ஒரே வருமானத்துக்கு இரண்டு நாடுகளும் வரி போடாமலிருக்க நாடுகள் செய்துகொள்பவை. ஏதோ ஒரு நாட்டோடு ராயல்டிக்குப் பிடித்தம் இல்லை என்று ஒப்பந்தம் இருந்தால், பணம் முழுக்க அந்த நாட்டின் வழியாகவே போகும். உள்நாட்டுச் சட்டத்தில் 10% என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாறாதே. ஒப்பந்தங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்.

இது வெறும் ஏழை நாட்டுச் சிக்கல் என்று யாராவது சொன்னால் ஆப்பிள் வழக்கைக் காட்டு. அயர்லாந்தில் அதன் துணைக் கம்பெனி ஒன்று 2014-ல் கட்டிய உண்மையான வரி 0.005% என்று ஐரோப்பிய ஆணையம் கணக்கிட்டது. அதாவது 10 லட்சம் யூரோ லாபத்துக்கு 50 யூரோ. அப்போது அயர்லாந்தின் சட்டப்படியான விகிதம் 12.5%. 2016-ல் ஆணையம் 1,300 கோடி யூரோவைத் திரும்ப வசூலிக்கச் சொன்னது. அந்தப் பணம் எங்களுக்கு வேண்டாம் என்று அயர்லாந்து அரசே வழக்குப் போட்டது! ஐரோப்பிய நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு 2024 செப்டம்பரில்தான் வந்தது. வரி கேட்கிற அரசு எப்போதும் வரி வாங்க விரும்புகிற அரசு என்று நினைத்துவிடாதே.

அடுத்தது உலகளாவிய குறைந்தபட்ச வரி. உன் வரைவில் இது இல்லாதது பெரிய குறை. 2021 அக்டோபரில் 130-க்கும் மேற்பட்ட நாடுகள் ஒப்புக்கொண்டது: ஆண்டு வருவாய் 75 கோடி யூரோவைத் தாண்டும் குழுமங்கள், இயங்கும் ஒவ்வொரு நாட்டிலும் குறைந்தது 15% கட்ட வேண்டும். கட்டாவிட்டால் குறைகிற பங்கை வேறு யாராவது வசூலிப்பார்கள். கணக்கு இப்படி: ஒரு நாட்டில் லாபம் 100 கோடி, கட்டிய வரி 5 கோடி. உண்மையான விகிதம் 5%, இடைவெளி 10 புள்ளி. அங்கே சம்பளச் செலவு 30 கோடி, கட்டடமும் இயந்திரமும் 50 கோடி என்றால் இரண்டிலும் 5% கழிவு உண்டு, மொத்தம் 4 கோடி. (முதல் ஆண்டுகளில் கழிவு இன்னும் அதிகம், படிப்படியாகக் குறைந்து 5%-க்கு வரும்.) மீதி 96 கோடியில் 10%, 9.6 கோடி கூடுதல் வரி.

யார் வசூலிப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. முதல் உரிமை அந்த லாபம் எழுந்த நாட்டுக்கு, அது உள்நாட்டுக் கூடுதல் வரிச் சட்டம் இயற்றியிருந்தால். இல்லையென்றால் தாய்க் கம்பெனியின் நாட்டுக்கு. அதுவும் இல்லையென்றால் குழுமம் இயங்கும் பிற நாடுகளுக்கு. 2025 ஜூனில் ஜி-7 நாடுகள், அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட குழுமங்களுக்குப் பின்னிரண்டு வழிகளிலிருந்தும் விலக்குத் தர ஒப்புக்கொண்டன. உள்நாட்டுக் கூடுதல் வரிக்கு அந்த விலக்கு இல்லை. இதிலிருந்து உன் மனுவுக்கு ஒரு கூர்மையான வாதம் கிடைக்கும்: 75 கோடி யூரோவைத் தாண்டும் குழுமங்களுக்குப் பத்து ஆண்டு வரி விடுமுறை கொடுத்துவிட்டு உள்நாட்டுக் கூடுதல் வரிச் சட்டம் இல்லாமல் இருந்தால், விட்டுக்கொடுத்த பணம் கம்பெனிக்குக்கூடப் போகாமல் இன்னொரு நாட்டின் கஜானாவுக்குப் போகலாம். வரிச் சலுகையை ஆதரிக்கிறவரிடமும் இதற்குப் பதில் இருக்காது.

கம்பெனிகளின் பெயரோடு அட்டவணை போட வேண்டும் என்று எழுதியிருந்தாய். ஆண்டறிக்கையில் லாப நட்டக் கணக்கிலுள்ள வரிச் செலவை எடுக்காதே. அதில் தள்ளிவைத்த வரியும் கலந்திருக்கும்; அது இன்னும் கையை விட்டுப் போகாத பணம். பணப்புழக்க அறிக்கையில் "கட்டிய வருமான வரி" என்று தனி வரிசை இருக்கும், அதை எடு. வரிக்கு முந்தைய லாபத்தால் வகு. ஒரே ஆண்டை வைத்துச் செய்யாதே: பழைய நட்டத்தைக் கழித்திருப்பார்கள், அல்லது பெரிய ஆலை கட்டி வேகமான தேய்மானம் எடுத்திருப்பார்கள், உன் எண் மறுநாளே பொய்யென்று நிரூபிக்கப்படும். ஐந்தாண்டுக் கூட்டுத்தொகையை ஐந்தாண்டுக் கூட்டு லாபத்தால் வகு. பிறகு "தொடர்புடையவர்களுடன் பரிவர்த்தனை" என்ற குறிப்புக்குப் போ. ராயல்டி, சேவைக் கட்டணம், வட்டி எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். துணைக் கம்பெனிகளின் பட்டியலையும் பார். எந்த நாட்டில் எத்தனை, அங்கே ஊழியர் இருக்கிறார்களா என்று. நாடுவாரியான லாபமும் வரியும் கொண்ட அறிக்கையைப் பெரிய குழுமங்கள் வரித்துறைக்குக் கொடுக்கின்றன, ஆனால் பொதுமக்கள் பார்க்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூன் பிற்பகுதியிலிருந்து தொடங்கும் நிதியாண்டுகளுக்கு அதன் ஒரு பகுதியை வெளியிடக் கட்டாயப்படுத்தியிருக்கிறது. அதே கட்டாயத்தை மனுவில் கேள். செலவில்லாத கோரிக்கை.

இனி தனிநபர்கள். உச்ச வருமான வரி விகிதத்தை 45% ஆக்கு என்கிறாய். பெரும் மருத்துவருக்கும் கம்பெனி மேலாளருக்கும் அது சுடும். நீ மனதில் வைத்திருக்கும் ஆளுக்குச் சுடாது, ஏனென்றால் அவர் சம்பளம் வாங்குவதே இல்லை. அவர் கையிலிருப்பது பங்குகள். விலை ஏறினாலும் விற்காதவரை வருமானம் இல்லை. செலவுக்குப் பங்கை அடகு வைத்துக் கடன் வாங்குவார். கடனுக்கு வரி கிடையாது. அமெரிக்காவில் அவர் இறக்கும்போது வாரிசுக்கு அந்தப் பங்கு அன்றைய விலையில் வந்ததாகக் கணக்காகும், அதுவரை ஏறிய மதிப்புக்கு மூலதன ஆதாய வரி (சொத்தை விற்ற லாபத்துக்கான வரி) எப்போதைக்கும் போச்சு. 2021-ல் புரோபப்ளிகா என்ற அமெரிக்கப் புலனாய்வுச் செய்தி நிறுவனம் வெளியிட்ட ஆய்வின்படி, 2014 முதல் 2018 வரை அந்நாட்டின் 25 பெரும் பணக்காரர்களின் செல்வம் 40,100 கோடி டாலர் கூடியது, கட்டிய கூட்டாட்சி வருமான வரி 1,360 கோடி டாலர், 3.4%. இந்த எண்ணை மனுவில் போட்டால், இது வருமானத்தோடு அல்ல, கூடிய செல்வத்தோடு ஒப்பிட்டது என்பதை அதே வாக்கியத்தில் சொல்லிவிடு. இல்லையென்றால் எதிர்த்தரப்பு சொல்லும்.

செல்வ வரி கேட்கலாம். ஆனால் அது ஏன் பல இடங்களில் செத்தது என்று தெரிந்து கேள். 1990-ல் ஓ.இ.சி.டி. (பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பு) நாடுகளில் 12-ல் இருந்தது, 2017-ல் 4-ல் மட்டும். இந்தியாவில் 1957-ல் வந்து, 2015 பட்ஜெட்டில் போனது. 30 லட்சத்துக்கு மேல் 1%. கேட்பதற்குப் பெரிதாகத் தெரியும், 2013-14-ல் வசூல் 1,008 கோடி ரூபாய்தான். காரணம் ஓட்டைகள். 1990-களிலிருந்து பங்குகளுக்கு விலக்கு. நகை, கார், காலி மனை, ரொக்கம் போன்றவை மட்டும் மிஞ்சின. பணக்காரரின் செல்வத்தில் பெரும்பகுதியை வெளியே விட்டுவிட்டு நகைப் பெட்டியை எண்ணினால் என்ன கிடைக்கும்? அதற்குப் பதிலாக 1 கோடிக்கு மேல் வருமானமுள்ளவர்களுக்கு 2% கூடுதல் சர்சார்ஜ் (வரித் தொகையின் மேல் போடும் வரி) வந்தது. சுமார் 9,000 கோடி கிடைக்கும் என்றார் அன்றைய நிதியமைச்சர் ஜேட்லி. வசூலுக்கு அது சரி. வருமானமே காட்டாதவரை அதுவும் தொடாது.

எனவே உன் செல்வ வரிக் கோரிக்கையில் இவை இருக்க வேண்டும். வரம்பு மிக உயரத்தில். பிரான்சில் 2025 பிப்ரவரியில் கீழவை ஏற்று, ஜூனில் செனட் நிராகரித்த மசோதாவில் வரம்பு 10 கோடி யூரோ, குறைந்தபட்சம் 2%. அந்த உயரத்தில் வைத்தால், பெரிய வீடும் சின்ன பென்ஷனும் உள்ள முதியவரைக் காட்டி யாரும் கண்ணீர் வடிக்க முடியாது. வரம்புக்கு மேல் எந்தச் சொத்துக்கும் விலக்கு வேண்டாம். ஒரு விலக்கு வைத்தால் அடுத்த ஆண்டு எல்லாச் சொத்தும் அதற்குள் குடியேறும். பங்குச் சந்தையில் பட்டியலிடாத கம்பெனியின் மதிப்பே பெரிய தலைவலி: கடைசியாகப் பங்கு கைமாறிய விலை, அது இல்லையென்றால் லாபத்தின் மடங்கு என்று சூத்திரத்தைச் சட்டத்திலேயே எழுதச் சொல். கையில் பணம் இல்லை என்பவர் பங்காகவே கட்டலாம் என்று வாய்ப்பும் கொடு. இதை எழுதிவைத்தால், மதிப்பைக் குறைத்துக் காட்டும் ஆசையும் கொஞ்சம் அடங்கும்.

ஓடிப்போய்விடுவார்கள் என்பார்கள். சிலர் ஓடத்தான் செய்கிறார்கள். நார்வே 2022-ல் செல்வ வரியைச் சற்று உயர்த்தியபோது பெரும் பணக்காரர் பலர் சுவிட்சர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார்கள். (அங்கேயும் செல்வ வரி உண்டு என்பது வேடிக்கை, ஆனால் தனிநபர் பங்கு விற்ற லாபத்துக்குப் பொதுவாக வரி இல்லை.) 2024-ல் நார்வே வெளியேற்ற வரியை (குடிபெயர்பவரின் விற்காத பங்குகளில் அதுவரை ஏறிய மதிப்புக்கான வரி) இறுக்கியது. வரிசையைத் தலைகீழாக வைத்துக்கொள்: முதலில் வெளியேற்ற வரி, பிறகு செல்வ வரி. வெளிநாட்டு வங்கிக் கணக்குகளின் தகவலை 2017 முதல் நாடுகள் தாமாகப் பரிமாறிக்கொள்கின்றன, இன்று நூற்றுக்கும் மேல். ஆனால் நிலம், வீடு, ஓவியம் போன்றவை அதில் வராது. அமெரிக்காவும் அந்த ஏற்பாட்டில் இல்லை.

பணம் வந்த பிறகு நடப்பதைப் பற்றி வரைவில் ஒரு சொல்லும் இல்லை. மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் 2022 நவம்பரில் மக்கள் வாக்களித்து, 10 லட்சம் டாலருக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 4% கூடுதல் வரி கொண்டுவந்தார்கள். கல்விக்கும் போக்குவரத்துக்கும் மட்டும் என்று மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள். முதல் முழு நிதியாண்டில் 200 கோடி டாலருக்கு மேல் வந்தது. நல்ல முன்மாதிரி. ஆனால் "மட்டும்" என்று எழுதினால் மட்டும் போதாது. சுகாதாரத்துக்குப் பொது நிதியிலிருந்து 1,000 கோடி போகிறது என்று வை. புது வரியில் 200 கோடி வருகிறது. அரசு சத்தமில்லாமல் பொது நிதியை 820 ஆக்கிவிட்டால் கூடியது 20 கோடிதான். கணக்குப்படி 200 கோடியும் சுகாதாரத்துக்கே போயிருக்கும், சட்டம் மீறப்படவில்லை. ஆகவே அடிப்படை ஆண்டைக் குறிப்பிட்டு, பொது நிதி ஒதுக்கீடு அதற்குக் கீழே போகக் கூடாது, விலைவாசியோடு ஏற வேண்டும் என்று ஒரு பிரிவு கேள்.

இன்னொன்று, மூலதன ஆதாய வரி பங்குச் சந்தையோடு ஏறி இறங்கும். செவிலியர் சம்பளம் அப்படி இறங்க முடியாது. நிலையான பகுதியை மட்டும் சம்பளத்துக்கு வைத்து, மிகையைக் கையிருப்பு நிதிக்கும் கட்டடம், கருவிகளுக்கும் விடச் சொல்.

வரித்துறைக்கு ஆள் கேட்கவும் மறக்காதே, உன் சங்கத்தில் சிலருக்கு அது பிடிக்காவிட்டாலும். பெரிய வரிசெலுத்துவோருக்குத் தனிப் பிரிவு, அதில் பரிமாற்ற விலையும் (குழுமத்துக்குள் ஒரு கம்பெனி இன்னொன்றுக்குப் போடும் விலை) மதிப்பீடும் தெரிந்தவர்கள், மேல்முறையீட்டுக்கு முன் தகராறுத் தொகையில் ஒரு பங்கை வைப்பாகக் கட்டும் விதி. இந்த மூன்றும் இல்லையென்றால் மேலே எழுதியதெல்லாம் பத்தாண்டு நீதிமன்றத்தில் கிடக்கும்.

ஐந்தாண்டு அட்டவணையை முதலில் இரண்டே கம்பெனிகளுக்குப் போட்டு அனுப்பு, எண்களைச் சரிபார்த்துத் தருகிறேன். ஒப்பந்தப் பட்டியலில் ராயல்டிப் பிடித்தம் எந்த நாட்டோடு மிகக் குறைவு என்பதையும் குறித்து வை. மனு கொடுக்கும் தேதி தள்ளிப்போனால் சொல், அதற்கேற்ப நேரம் ஒதுக்கிக்கொள்வேன்.

அன்புடன்,
அப்பா