டோக்கியோவில் மோஸ் பர்கர்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கதிர்,

கடிதம் கிடைத்தது. வேலை விஷயமாக டோக்கியோ போகிறாய் என்று படித்ததில் சந்தோஷம். அவசரத்துக்கு மெக்டொனால்ட்ஸ் இருக்கிறதே என்று எழுதியிருந்தாயே, அதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்த ஊரிலேயே பிறந்த மோஸ் பர்கர் என்ற கடை இருக்கும்போது அங்கே எதற்கு?

மெக்டொனால்ட்ஸ் 1971-இல் டோக்கியோவின் கின்சா பகுதியில் கடை திறந்தது. மறு வருஷமே நகரத்தின் ஓரத்தில், நரிமசுவில், சகுராடா சதோஷி மோஸைத் தொடங்கினார். முக்கியச் சாலையில் வாடகை கட்டுப்படியாகாது என்று உள்ளொதுங்கிய இடங்களாகப் பிடித்தார்கள். வேகத்தில் போட்டி போடுவதை விட்டு, ஆர்டர் வந்த பிறகே சமைப்பது என்று வைத்துக்கொண்டார்கள். பணம் கட்டியதும் எண் போட்ட அட்டை ஒன்று தருவார்கள். அதை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தால் சாப்பாடு வந்துசேரும். மதியம் 12-லிருந்து 1 மணி வரை காத்திருப்பு நீளும். ரயிலுக்கு நேரமாகிவிட்ட நாளில் அந்தப் பக்கம் போகாதே.

மாடும் பன்றியும் வேண்டாம் என்றாய். அதில்தான் கவனம் தேவை. இங்கே நடுவில் வைக்கும் கறி இரண்டும் கலந்தது. 1973-இல் இவர்கள் கொண்டுவந்த, இனிப்பான சோயா சாஸ் சேர்த்த 'தெரியாக்கி' பர்கரிலும் அப்படித்தான். சோயாவில் செய்த கறியை வைத்த பர்கரும் உண்டு, ஆனால் 'சோயா' என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்கிவிடாதே. மேலே ஊற்றும் சாஸே கொத்துக்கறியில் செய்தது. கடையில் ஒவ்வாமைப் பட்டியல் கேட்டால் காட்டுவார்கள். அதில் மாட்டுக்கறிக்கும் பன்றிக்கறிக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கும். மாடு 'கியூனிகு', பன்றி 'புதானிகு'. விலங்குப் பொருளே சேர்க்காத கிரீன் பர்கரை 2020-இல் கொண்டுவந்தார்கள். இருக்கிறதா என்று கேட்டுப் பார். வெங்காயம், பூண்டுகூட அதில் கிடையாது. அடுப்பும் எண்ணெயும் தனியா என்பதையும் சேர்த்தே கேள்.

உனக்கு என் சிபாரிசு ரைஸ் பர்கர். 1987-இலிருந்து விற்கிறார்கள். பன்னுக்குப் பதில், சோற்றை வட்டமாக அழுத்தி, சோயா சாஸ் மணக்கச் சுட்டது. நடுவில் இறாலும் கணவாயும் சேர்த்துப் பொரித்த காகியாகே வைத்ததை வாங்கு. யாகினிகு என்று போட்டிருந்தால் மாட்டுக்கறி. சூட்டோடு சாப்பிட வேண்டும். ஆறினால் சோறு விறைத்துப்போகும், அழுத்திப் பிடித்தால் உதிரும். காகிதத்தை உரிக்காமல் அதோடு சேர்த்தே பிடி. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் 'சோறுதானே' என்று வாங்கினால் மாட்டிக்கொள்வார்கள். சோயா சாஸிலேயே கோதுமை உண்டு.

உன்னோடு வருகிறவர்கள் கறி சாப்பிடுவார்கள் என்றால் பெயர்பெற்ற மோஸ் பர்கரையே எடுக்கச் சொல். லாஸ் ஏஞ்சலஸில் டாமிஸ் கடையின் சில்லி பர்கரை (கொத்துக்கறிக் குழம்பு ஊற்றியது) சுவைத்துப் பார்த்துத்தான் சகுராடாவுக்கு அந்த யோசனை வந்தது. தக்காளி வட்டத்தின் மேல் பொடி வெங்காயமும் சாஸும் தாராளமாக இருக்கும், கையில் எடுத்தால் வழியும். அதற்காகவே காகிதத்தைப் பை மாதிரி மடித்திருக்கிறார்கள். திறந்த பக்கத்திலிருந்து கடிக்க வேண்டும். வழிவதெல்லாம் அடி மூலையில் தங்கும். கூடவே தடிமனான உருளைக்கிழங்கு வறுவல் வாங்கி அதில் தொட்டுக்கொள்ளலாம். இதைப் பொட்டலம் கட்டி எடுத்துப்போவது வீண். ஆவியில் பன் ஊறிக் குழைந்துவிடும்.

கல்லாவில் உள்ளேயா, வெளியேயா என்று கேட்பார்கள். உள்ளே என்றால் 'தென்னாய்', எடுத்துப்போக என்றால் 'மோச்சிகாயெரி'. 2019 அக்டோபரிலிருந்து உட்கார்ந்து சாப்பிட்டால் 10 சதவீதம் வரி, எடுத்துப்போனால் 8. அந்த 2 சதவீதத்தைப் பார்க்காதே. தெருவில் குப்பைத்தொட்டி கிடைப்பது அரிது, எண்ணெய்க் காகிதத்தைச் சுமந்துகொண்டு அலைய நேரும். டிப்ஸ் வைக்கக் கூடாது, வைத்தால் மறந்துவிட்டாய் என்று பின்னாலேயே ஓடிவருவார்கள். எழும்போது தட்டை நீயே எடுத்துப்போய், மிச்சமான பானத்தையும் ஐஸையும் அதற்கென்று உள்ள இடத்தில் ஊற்றிவிட்டு, பிளாஸ்டிக்கையும் காகிதத்தையும் பிரித்துப் போடு.

எந்த வட்டாரத்தில் தங்கப்போகிறாய் என்று எழுது. பக்கத்தில் எங்கே கடை இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
முரளி