நாலு பக்கமும் நடந்து பார்க்கச் சொன்னவருக்கும் மற்றவர்களுக்கும்

எங்கள் பேரூராட்சி மக்களுக்கும், சார்பதிவாளர் அலுவலக வாசலில் என்னோடு உட்கார்ந்து வேலை பார்த்தவர்களுக்கும் வணக்கம்.

பத்திர எழுத்தர் உரிமத்தை இந்த ஆண்டு நான் புதுப்பிக்கவில்லை. 31 வருடம் எழுதியாயிற்று. இனி கவுன்சிலர் வேலை மட்டும்தான். மேசையைக் காலி செய்யும் முன் சிலருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

முதலில் என் ஆசிரியர். பொம்பளைப் பிள்ளைக்கு இந்த வேலை எதற்கு என்று பலரும் கேட்ட காலத்தில், தன் பெஞ்சில் பாதி இடம் கொடுத்தார். ஆறு மாதம் பேனாவைத் தொடவே விடவில்லை. "செக்குபந்தியைக் காகிதத்தில் படிச்சா போதாதும்மா. நாலு பக்கமும் நடந்து பார்த்துட்டு வா, அப்புறம் எழுது" என்பார். செக்குபந்தி என்றால் பத்திரத்தில் எழுதும் நாலு பக்க எல்லை விவரம். மூலப்பத்திரத்தில் கிழக்கே வாய்க்கால் என்றிருக்கும். போய்ப் பார்த்தால் அங்கே வீடு நிற்கும். நில ஆவணங்களைப் புதுப்பித்த யுடிஆர் கணக்கெடுப்பில் அண்ணன் பெயர் மட்டும் பட்டாவில் ஏறி, தம்பி விடுபட்டுப் போன குடும்பங்களும் உண்டு. அவர்களுக்காகப் எந்த நிலம் யார் பெயரில் என்று காட்டும் பழைய அ-பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்த தலையாரி அண்ணனுக்கும் நன்றி.

2022 பிப்ரவரி தேர்தலில் என்னை ஜெயிக்க வைத்த வார்டு மக்களே, நீங்கள் எனக்குத் தந்த முதல் வேலை அந்தப் பூங்கா இடம். பெரிய மனைப்பிரிவு போடுகிறவர்கள் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொது இடமாக விட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். இங்கேயும் எழுதித் தந்திருந்தார்கள். ஆனால் பட்டாவை யாரும் பேரூராட்சி பெயருக்கு மாற்றவில்லை. பழைய பெயரிலேயே கிடந்த பட்டாவைக் காட்டி இடத்தை விலை பேசிவிட்டார்கள். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் கல்லும் நட்டாயிற்று. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்ததில் தானப் பத்திரம் கிடைத்தது. நகலைக் கையில் வைத்துக்கொண்டு நாலு எல்லையையும் நடந்து பார்த்தேன். அளவு துல்லியமாகப் பொருந்தியது. மன்றத்தில் தீர்மானம் போட ஒத்துழைத்த எல்லாக் கட்சி உறுப்பினர்களுக்கும், மூன்று முறை சங்கிலி பிடித்து அளந்த சர்வேயர் தம்பிக்கும் நன்றி. இப்போது பட்டா நம் பேரூராட்சி பெயரில் இருக்கிறது.

கடைசியாக, அந்த இடத்தை வாங்க முன்பணம் கொடுத்திருந்தவருக்கு. நகலைக் காட்டியதும் ஒருமுறைக்கு இருமுறை படித்தார். "பிள்ளைங்க இடம் எனக்கு வேண்டாம்மா" என்று எழுந்துவிட்டார். வழக்கு என்று போயிருந்தால் இழுத்துக்கொண்டே போயிருக்கும். அண்ணா, உங்கள் முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். மீதிக்கான மனுவை நான்தான் எழுதுவேன். வரும் திங்கட்கிழமை ரசீதோடு வீட்டுக்கு வாருங்கள்.