நானும் தூக்கு கேட்டவள்தான்

அன்புள்ள கயல்,

நேற்று போனில் "பலாத்காரம் செய்தவனையெல்லாம் தூக்கில் போட்டால் என்ன?" என்று கத்திவிட்டேன். நீ பேசாமல் இருந்தாய். அப்புறம் தூக்கம் வரவில்லை. போன தடவை நீ விட்டுப்போன சட்ட நோட்டை எடுத்து உட்கார்ந்தேன்.

2012 டிசம்பர் நினைவிருக்கிறதா? நீ ஐந்தாம் வகுப்பு. டெல்லிப் பேருந்தில் அந்தப் பெண்ணுக்கு நடந்ததைக் கேட்டு எங்கள் பள்ளியிலும் மெழுகுவத்தி ஏற்றினோம். தூக்கு வேண்டும் என்று நானும்தான் சொன்னேன். சட்டத்தை எப்படி மாற்றலாம் என்று சொல்ல அரசு அமைத்த நீதிபதி வர்மா குழு மரண தண்டனை வேண்டாம் என்றதாம். ஆனாலும் அடுத்த பத்துப் பன்னிரண்டு நாளில் வந்த அவசரச் சட்டத்தில், பெண் இறந்துபோனால் தூக்கு வரை தரலாம் என்று சேர்த்துவிட்டார்கள். குற்றவாளிகளில் ஒருவன் பதினெட்டு வயது ஆகாத சிறுவன்; அவனுக்கு மூன்று வருடம்தானா என்று ஜனங்கள் கொதித்தார்கள். 2015இல் அந்தச் சிறார் சட்டமும் மாறியது. அதுவரை எனக்குத் திருப்திதான்.

அதே குழு, மனைவியைப் பலவந்தப்படுத்தும் கணவனுக்குச் சட்டம் தரும் விலக்கையும் எடுக்கச் சொன்னது என்று உன் நோட்டில்தான் படித்தேன். அதற்கு நாங்கள் யாரும் மெழுகுவத்தி ஏற்றவில்லை. 2015இல் கனிமொழி மாநிலங்களவையில் கேட்டபோது, மத நம்பிக்கை, திருமணத்தைப் புனிதச் சடங்காகப் பார்க்கும் மனப்போக்கு என்றெல்லாம் அரசு காரணம் சொன்னதாம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதுத் தண்டனைச் சட்டத்திலும் அந்த விலக்கு இருக்கிறது. மனைவிக்குப் பதினெட்டு வயது ஆகியிருந்தால் போதும்.

கல்கத்தா புல்மணி கதையை இரண்டு தடவை படித்தேன். 1890. பதினொரு வயது இருக்கும், புருஷன் பலவந்தப்படுத்தியதில் செத்துப்போனாள். அப்போதைய சட்டப்படி மனைவி பத்து வயது தாண்டிவிட்டதால் அவன்மேல் பலாத்காரக் குற்றம் நிற்கவில்லை. மறு வருடம் அந்த வயதைப் பன்னிரண்டாக்கச் சட்டம் வந்தபோது, மதத்தில் கை வைக்காதே என்று எதிர்த்தவர்களில் திலகரும் ஒருவர். நாங்கள் வகுப்பில் வேறு திலகரைத்தான் நடத்தினோம்.

உன் சித்தி கல்யாணமான புதிதில் ஒரு ராத்திரி பெட்டியோடு வந்தாள். என்ன என்று நான் கேட்கவே இல்லை. காலையில் இட்லி கட்டிக்கொடுத்து முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

பொங்கலுக்கு வரும்போது அந்த வர்மா அறிக்கையைக் கொண்டுவா. எனக்குத் தமிழில் சொல்லு. சித்தியையும் வரச்சொல்லியிருக்கிறேன்.

அம்மா